பந்தாட்டத்தின் பொக்கிஷமும் அதன் காவலரும்

உலகத்து நாட்டுச் சங்கங்கள் 211-ஐ அங்கத்தினராகக் கொண்ட ஃபிஃபா என்னும் சர்வதேசக் கால்பந்து சம்மேளனம், 2019 முதல் 2022 வரையிலான நான்கு ஆண்டுகளில் ஈட்டிய வருமானம் ஏறத்தாழ 760 கோடி டாலர். அந்த நான்காண்டின் முடிவில் அதன் சேமநிதியில் இருந்த தொகை 400 கோடி டாலருக்குச் சற்றே குறைவு. 2026-இல் முடிவுறும் அடுத்த காலப் பகுதிக்கு அது போட்டிருக்கும் வரவு மதிப்பீடோ 1,300 கோடி டாலர். இத்தகைய ஐசுவரியம் படைத்த ஸ்தாபனம், சட்டத்தின் பார்வையில் வியாபாரக் கம்பெனியும் அன்று, அரசாங்கமும் அன்று. ஸ்விட்சர்லாந்தின் சிவில் சட்டத்தில் ஊர்ப் பாடகர் குழுவுக்கும் மலையேறுவோர் சங்கத்துக்கும் எந்தப் பிரிவு பொருந்துமோ, அந்த 60-ஆவது பிரிவின்கீழ் அமைந்த, லாப நோக்கமற்ற ஒரு சங்கம். பங்குதாரர் இல்லாததால் லாபம் எங்கே என்று கேட்பாரில்லை. வரி செலுத்தும் குடிகள் இல்லாததால் வரிப்பணம் எங்கே என்று கேட்பாருமில்லை. இவ்விரு கேள்விகளும் எழாத இடத்தில் ஒரு நிர்வாகம் தனக்குத்தானே எவ்வளவு செலவு செய்துகொள்ளும், அதைத் தடுக்க வேண்டிய கை எங்கே இருக்க வேண்டும் என்பது, கால்பந்தை நேசிக்கும் ஒவ்வொருவரும் சிந்திக்க வேண்டிய விஷயம்.

நிர்வாகச் செலவு என்றாலே அது வீண்செலவுதான் என்று கருதுவோர் கட்சியைச் சேர்ந்தவனல்லன் நான். ஆட்டவிதிகள் எங்கும் ஒன்றுபோல நடைபெறுவதற்கும், வீரர்கள் ஒரு கழகத்திலிருந்து மற்றொரு கழகத்துக்கு மாறுவதைப் பதிவு செய்வதற்கும், ஊக்கமருந்துச் சோதனை நடத்துவதற்கும், சங்கங்களுக்கிடையே எழும் வழக்குகளைத் தீர்த்துவைப்பதற்கும் அலுவலகமும் அலுவலர்களும் வேண்டும். திறமையுள்ளவர்க்குத் தக்க ஊதியமும் வேண்டும். ஆகவே செலவின் அளவை மட்டும் கொண்டு ஒரு நிர்வாகத்தின் யோக்கியதையை நிர்ணயித்துவிட முடியாது. அந்தச் செலவை வேண்டாம் என்று சொல்லும் உரிமை யாரிடம் இருக்கிறது, அவ்வாறு சொன்ன பிறகும் அவர் தம் ஸ்தானத்தில் நிலைத்திருக்க முடிகிறதா என்று பார்த்தே நிர்ணயிக்க வேண்டும். ஃபிஃபாவின் சரித்திரத்தில் பணத்தைச் செலவிடுவோரும், அதன் பயனைப் பெறுவோரும், அதற்குச் சம்மதம் தருவோரும் பெரும்பாலும் ஒரே வட்டத்துக்குள் இருந்துவந்திருக்கிறார்கள். அங்கே கண்ட ஊழல்கள் அனைத்துக்கும் மூலகாரணம் அதுவே.

1904-ஆம் ஆண்டு மே மாதம் 21-ஆம் நாள், பாரிஸ் நகரத்து ரூ சேன்ட் ஹொனொரே வீதியில் ஏழு ஐரோப்பிய நாடுகளின் பெயரால் இந்தச் சம்மேளனம் தோற்றுவிக்கப்பட்டபோது, ஒவ்வொரு சங்கமும் ஆண்டுக்கு 50 பிரெஞ்சு பிராங்க் சந்தா செலுத்த வேண்டும் என்று விதித்தார்கள். சம்பளமில்லாத கௌரவ ஊழியத்தாலேயே அலுவல் நடந்த காலம் அது. அவ்வளவு எளிய காலத்திலும் பொக்கிஷம் ஒருவர் கையில் கேள்வியின்றி விடப்பட்டால் என்ன நேரும் என்பதற்குச் சான்று கிடைத்துவிட்டது. நெதர்லாந்து நாட்டு வங்கியாளரும் சம்மேளனத்தின் செயலருமான கார்ல் ஹிர்ஷ்மன், அதன் நிதியைப் பங்குச் சந்தை முதலீடுகளில் போட்டு இழந்து, 1931-இல் பதவி விலக நேர்ந்தது. அந்த நஷ்டத்துக்குப் பிறகுதான் 1932-இல் ஜூரிச் நகரத்துப் பான்ஹோஃப் வீதியில் அலுவலகம் அமைந்தது. சம்பளம் பெறும் செயலராக இவோ ஷ்ரிக்கர் பொறுப்பேற்றார். முதல் நஷ்டம் கற்பித்த பாடம் தெளிவானது: ஆள் நாணயஸ்தரா என்பது ஒரு கேள்வி, அவர் செய்வதை வேறொருவர் பார்க்கிறாரா என்பது அதனினும் முக்கியமான கேள்வி. அந்தப் பாடத்தைச் சம்மேளனம் அப்போது முழுமையாகக் கற்கவில்லை.

1974-இல் ஸ்டான்லி ரௌஸைத் தோற்கடித்துப் பிரேசில் நாட்டு ஜோவோ ஹாவலாஞ்ச் தலைவரானதும் சம்மேளனத்தின் கதி மாறியது. குளிர்பானக் கம்பெனியும் காலணிக் கம்பெனியும் விளம்பரத்துக்காகப் பெரும் பணம் கொட்ட முன்வந்தன. தொலைக்காட்சி உலகெங்கும் பரவியது. உலகக் கோப்பையில் ஆடும் அணிகள் 16-லிருந்து 1982-இல் 24 ஆகவும், 1998-இல் 32 ஆகவும் பெருகின. ஆப்பிரிக்க, ஆசிய நாடுகளுக்கு வாசல் திறந்துவிட்ட நற்செயலும் இதனூடே நடந்தது என்பதை மறுக்கலாகாது. ஆயினும் விளம்பர, ஒளிபரப்பு உரிமைகளை வாங்கி விற்றுவந்த ஐ.எஸ்.எல். என்ற இடைத்தரகுக் கம்பெனி 2001-இல் திவாலானபோது, அதன் ஏடுகளிலிருந்து வேறொரு சித்திரம் வெளிப்பட்டது. அக்கம்பெனியிடமிருந்து ஹாவலாஞ்சும், அவருடைய மருமகனாயிருந்த ரிக்கார்டோ டெய்ஷீராவும் பெருந்தொகைகள் பெற்றிருந்தனர். 2010-இல் இழப்பீடு கட்டி வழக்கு முடித்துவைக்கப்பட்டது; பெயர்களோ 2012 ஜூலையில், ஸ்விட்சர்லாந்தின் உச்ச நீதிமன்றம் ஆவணங்களை வெளியிட அனுமதித்த பிறகுதான் உலகுக்குத் தெரிந்தன. ஆட்டத்துக்குரிய பணம் போனது ஒரு நஷ்டம். அது போன விதத்தை மறைத்துவைக்க வக்கீல்களுக்கும் வழக்குகளுக்கும் செலவிட நேர்ந்தது மற்றொரு நஷ்டம்.

ஃபிஃபா வெளியிடும் வருடாந்தர அறிக்கையைப் புரட்டினால், செலவுகள் சில பெருந்தலைப்புகளில் பகுக்கப்பட்டிருப்பதைக் காணலாம்: போட்டிகள், வளர்ச்சியும் கல்வியும், ஆட்டப் பரிபாலனம், விற்பனையும் ஒளிபரப்பும், இவற்றோடு சம்மேளனத்தின் ஆட்சியும் நிர்வாகமும். இறுதியில் சொன்ன தலைப்புக்குள் ஊழியர் சம்பளம், கட்டிடப் பராமரிப்பு, கணினி வசதிகள், விளம்பரத் தொடர்பு, ஆண்டுப் பேரவையும் கமிட்டிக் கூட்டங்களும், வக்கீல் செலவு யாவும் அடங்கும். 2015 முதல் 2018 வரையிலான நான்காண்டில் இத்தலைப்பில் மட்டும் ஏறத்தாழ 80 கோடி டாலர் செலவாயிற்று. மொத்தச் செலவில் இது சுமார் ஏழில் ஒரு பங்கு. குற்ற விசாரணைகள் சூழ்ந்திருந்த அந்த ஆண்டுகளில் வக்கீல் செலவு ஏறியது இயற்கையே. ஆயினும் அந்த விசாரணைகளுக்குக் காரணமான குற்றங்கள் சம்மேளனத்தின் உள்ளேயே விளைந்தவை ஆதலின், அந்தச் செலவும் பழைய அலட்சியத்துக்குக் கட்டிய அபராதமே ஆகும்.

தலைப்புகளுக்குள் என்ன நடந்தது என்பதற்கு ஒரே ஓர் உதாரணத்தை அருகில் சென்று பார்ப்போம். 2016 ஜூன் மாதத்தில் சம்மேளனத்தின் சார்பில் அதன் வழக்கறிஞர்களே ஓர் உண்மையை வெளியிட்டார்கள்: தலைவராயிருந்த செப் பிளாட்டர், பொதுச்செயலராயிருந்த ஜெரோம் வால்க், நிதித்துறைத் தலைவராயிருந்த மார்கஸ் காட்னர் ஆகிய மூவரும், சம்பள உயர்வு, உலகக் கோப்பை போனஸ், இதர ஊக்கத்தொகை என்ற பெயர்களில் ஐந்தே ஆண்டுகளில் தமக்குள் பெற்றுக்கொண்ட தொகை 7.9 கோடி ஸ்விஸ் பிராங்குக்கு மேற்பட்டது. போட்டி முடிந்த பின்னர், முன்பே பேசப்படாத போனஸை முன்தேதிக்குப் பொருத்தி அனுமதித்திருக்கிறார்கள். 2011-இல் தலைவர் தேர்தல் நடைபெறுவதற்கு ஒரு மாதம் இருக்கையில், வால்க், காட்னர் இருவருடைய ஒப்பந்தங்களும் 2019 வரையில் நீட்டிக்கப்பட்டன. தேர்தலில் தலைமை மாறி அவர்கள் விலக்கப்பட்டாலும் பெருந்தொகை கைக்கு வந்து சேரும்படி ஷரத்துகள் எழுதப்பட்டன. இப்படி மேலிடத்தார் தமக்குள்ளேயே அனுமதித்துக்கொண்ட ஏற்பாட்டுக்காக, 2021 மார்ச்சில் பிளாட்டருக்கும் வால்க்குக்கும் நன்னெறிக் குழு மேலும் ஆறு ஆண்டு எட்டு மாதத் தடை விதித்தது.

இவ்வளவும் நடந்த காலத்தில் கணக்குத் தணிக்கை இல்லாமலிருந்ததா என்று கேட்கலாம். இருந்தது. உலகப் புகழ் பெற்ற தணிக்கை நிறுவனமொன்று 1999 முதல் 2016 வரை ஆண்டுதோறும் ஏடுகளைச் சரிபார்த்துக் கையெழுத்திட்டு வந்தது. மேலிடத்தாரின் ஊதியமும் ஏடுகளில் இல்லாமலில்லை. முக்கிய நிர்வாகிகள் அனைவருக்குமாகச் சேர்த்து ஒரு மொத்தத் தொகை காட்டப்பட்டிருந்தது. அதில் தலைவர் பெற்றது எவ்வளவு என்பது மட்டும் 2016 மார்ச் வரையில் வெளியுலகுக்குத் தெரியவில்லை. எழுதப்பட்ட தொகையும் செலுத்தப்பட்ட தொகையும் ஒத்திருக்கின்றனவா, செலவுக்கு உரிய அதிகாரியின் ஒப்பம் இருக்கிறதா என்பவையே தனியார் தணிக்கையாளருடைய பிரதானமான கேள்விகள். அந்தச் செலவு தகுமா, ஒப்பமிட்டவரும் பணம் பெற்றவரும் ஒரே கூட்டத்தைச் சேர்ந்தவர்களா என்ற கேள்விகளுக்கு அங்கே இடமில்லை. நம் நாட்டில் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் அரசாங்கச் செலவுகளை ஆராயும்போது, விதிப்படி நடந்ததா என்பதோடு நில்லாமல், பொதுப்பணத்தை இவ்வாறு செலவிடுவது நியாயமா என்பதையும் பார்க்கிறார். அத்தகைய பார்வை ஃபிஃபாவின் ஏடுகளின்மீது விழுந்ததில்லை.

அந்தப் பார்வை இல்லாத இடத்தில் செலவின் தராதரம் எப்படிப் புரண்டுபோகிறது என்பதற்கு ஒரு சிறு ஒப்பீடு போதும். 2014-இல் ஃபிஃபாவின் தலைவர்களுடைய பெருமையைச் சொல்லும் ‘யுனைடெட் பேஷன்ஸ்’ என்ற திரைப்படம் தயாராயிற்று. அதன் செலவில் மிகப் பெரும்பகுதியைச் சம்மேளனமே ஏற்றது; அத்தொகை சுமார் 2.7 கோடி டாலர் என்று மதிப்பிடப்பட்டது. 2015 ஜூன் மாதத்தில் அமெரிக்காவில் வெளியான முதல் வார இறுதியில் அப்படம் வசூலித்தது ஆயிரம் டாலரைக்கூட எட்டவில்லை. அதே ஜூன் மாதத்தில் கானடா தேசத்தில் பெண்களுக்கான உலகக் கோப்பை தொடங்கியது. 24 நாடுகளின் பெண்கள் செயற்கைப் புல்தரையில் ஒரு மாதம் ஆடினார்கள். அவர்கள் அனைவருக்குமாக ஒதுக்கப்பட்ட பரிசுத்தொகை 1.5 கோடி டாலர். முந்திய ஆண்டு ஆடவர் உலகக் கோப்பைக்கு வைத்த பரிசுத்தொகை 35.8 கோடி டாலர் என்பதை இதனருகில் வைத்துப் பார்க்கும்போது எழும் வேதனை ஒருபுறமிருக்க, பெண்கள் அனைவரும் விளையாடி ஈட்டிய பரிசைக் காட்டிலும், தலைவர்களைப் போற்றும் படமொன்றுக்குக் கூடுதலான பணம் கொடுக்கப்பட்டது என்பது மனத்தை மிகவும் புண்படுத்துவதாகும். பணமில்லாமற்போன குறை அன்று இது; பணத்தை எங்கே வைப்பது என்று தீர்மானிக்கும் அறையில் ஆடுகிறவர்களுக்கு இடமில்லாமற்போன குறை.

அத்தகைய அறைகளில் நிலவிய வழக்கத்தை இன்னொரு நிகழ்ச்சியும் காட்டும். 2014 உலகக் கோப்பையின்போது பிரேசில் கால்பந்துச் சங்கம், நிர்வாகக் குழு உறுப்பினருக்கும் நாட்டுச் சங்கத் தலைவர்களுக்கும் கொடுத்த அன்பளிப்புப் பைகளில் ஒவ்வொன்றும் சுமார் 25,000 பிராங்க் மதிப்புள்ள கைக்கடிகாரங்கள் இருந்தன, கொடுக்கப்பட்டவை 65. வெகுமதி வாங்கலாகாது என்ற விதி முன்பே இருந்தும், சிலரே முன்வந்து தெரிவித்தார்கள். மற்றவர்கள், நன்னெறிக் குழு கெடு விதித்து உத்தரவிட்ட பிறகே திருப்பித் தந்தார்கள். விதி ஏட்டில் இருப்பதும் அது மனத்தில் இருப்பதும் வேறு வேறு என்பதற்கு இது ஓர் அத்தாட்சி.

இத்தனை கண்டும் உறுப்பு நாடுகள் ஏன் வாய் திறக்கவில்லை? இதற்கு விடை, சம்மேளனம் பணத்தை விநியோகிக்கும் முறையிலேயே அடங்கியிருக்கிறது. பெரிய நாடாயினும் சிறிய தீவாயினும் பேரவையில் ஒரு நாட்டுக்கு ஒரு வாக்கு. கொள்கையளவில் இது மேன்மையான சமத்துவம். 1999-இல் தொடங்கிய உதவித் திட்டத்தின்படி ஒவ்வொரு சங்கத்துக்கும் ஆண்டுக்கு 2.5 லட்சம் டாலர் அளிக்கப்பட்டது. 2016-க்குப் பிறகு அது பன்மடங்கு பெருகி, இப்போதைய நான்காண்டில் ஒரு சங்கம் 80 லட்சம் டாலர் வரையில் பெறலாம். தலைமைக் குழுவான கவுன்ஸிலின் உறுப்பினர் 37 பேர். அவர்களில் ஒருவர் ஆண்டில் சில கூட்டங்களுக்கு வருவதற்காகப் பெறும் ஊதியம் 2.5 லட்சம் டாலர். இவ்வாறு, கணக்குக்கு ஒப்புதல் தரவேண்டியவர்கள் யாவரும் அந்தக் கணக்கினாலேயே பயன்பெறுவோராக இருக்கிறார்கள். கொடுப்பவர் இன்னார் என்ற எண்ணம் வாங்குபவர் மனத்தில் பதிந்துவிட்டால், உரிமையாக வரவேண்டிய பங்கு உபகாரமாகத் தோன்றும். உபகாரம் பெற்றவர் நாக்கு கேள்வி கேட்க எழாது.

கேள்வி எழாத இடத்தில் நன்கொடை எங்கே சென்றது என்பதற்கு டிரினிடாட் தீவே சாட்சி. வட அமெரிக்க, கரீபியக் கால்பந்துக் கூட்டமைப்பின் தலைவராகப் பல்லாண்டுகள் இருந்த ஜாக் வார்னர், அங்கே உயர்பயிற்சி நிலையமொன்றை எழுப்பினார். ஹாவலாஞ்சின் பெயரே அதற்குச் சூட்டப்பட்டது. சுமார் 2.6 கோடி டாலர் அதில் கொட்டப்பட்டது. கூட்டமைப்பே நியமித்த விசாரணைக் குழு, பார்படோஸ் நாட்டின் முன்னாள் தலைமை நீதிபதி டேவிட் சிம்மன்ஸ் தலைமையில் ஆராய்ந்து 2013-இல் வெளியிட்ட அறிக்கையில், அந்த நிலையம் நிற்கும் நிலம் கூட்டமைப்புக்குச் சொந்தமானதன்று, வார்னருடைய ஆதிக்கத்திலிருந்த கம்பெனிகளுக்கே சொந்தமானது என்ற உண்மை வெளிப்பட்டது. பத்திரத்தை எடுத்துக் காட்டுங்கள் என்று ஓர் உறுப்பினர் கேட்டிருந்தால் போதும். ஆண்டுக்கணக்கில் அதை ஒருவரும் கேட்கவில்லை.

2015 மே 27-ஆம் நாள் அதிகாலையில், ஜூரிச் ஏரிக்கரைக்கு அருகிலுள்ள போர் ஓ லாக் ஹோட்டலில் ஸ்விஸ் போலீஸார் நுழைந்து ஏழு அதிகாரிகளைக் கைது செய்தபோது, உள்ளிருந்தோர் கேட்காத கேள்வியை அமெரிக்க அரசாங்கத்தின் வழக்கறிஞர்கள் வெளியிலிருந்து கேட்டார்கள். 24 ஆண்டுக் காலத்தில் 15 கோடி டாலருக்கு மேற்பட்ட லஞ்சம் கைமாறியது என்பது அவர்களுடைய குற்றச்சாட்டு. அதன் விளைவாக 2016 பிப்ரவரி 26-ஆம் நாள் கூடிய விசேஷப் பேரவை, மெய்யாகவே பாராட்டத்தக்க சீர்திருத்தங்களை நிறைவேற்றியது. தலைவரும் கவுன்ஸில் உறுப்பினரும் 12 ஆண்டுக்கு மேல் பதவி வகிக்கலாகாது. கொள்கை வகுப்போரும் அலுவல் நடத்துவோரும் வேறாக இருக்க வேண்டும். மேலிடத்தார் ஊதியம் ஆண்டுதோறும் வெளியாக வேண்டும். தணிக்கை, நன்னெறிக் குழுக்கள் சுயேச்சையானவர்களைக் கொண்டிருக்க வேண்டும். அதே நாளில் ஜியானி இன்ஃபான்டினோ தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

சீர்திருத்தத்தின் உயிர்நாடி அந்தச் சுயேச்சைக் குழுக்கள். அவற்றின் கதியைப் பார்த்தால்தான் நோய் தீர்ந்ததா என்று தெரியும். மூன்றே மாதத்தில், 2016 மே மாதத்து மெக்ஸிகோ நகரப் பேரவையில், அந்தக் குழுக்களின் உறுப்பினரை நியமிக்கவும் நீக்கவும் தற்காலிகமாகக் கவுன்ஸிலுக்கே அதிகாரம் வழங்கும் தீர்மானம் நிறைவேறியது. தம்மைக் கண்காணிப்பவரைத் தாமே விலக்கும் உரிமை கண்காணிக்கப்படுவோர்க்கு வந்துவிட்டது என்று கண்டித்து, தணிக்கைக் குழுத் தலைவர் டொமெனிகோ ஸ்காலா மறுநாளே பதவி விலகினார். தலைவருக்கு ஊதியம் நிர்ணயித்த சிறு குழுவுக்கும் அவரே தலைவராயிருந்தவர். அடுத்த ஆண்டு மே மாதம், பஹ்ரைன் பேரவையை ஒட்டி, நன்னெறிக் குழுவின் விசாரணைத் தலைவர் கார்னெல் போர்பெலியும், தீர்ப்புத் தலைவர் ஹான்ஸ் யோவாகிம் எக்கர்ட்டும், பல விசாரணைகள் நிலுவையில் இருக்கையிலேயே மாற்றப்பட்டனர். ரஷ்ய நாட்டுத் துணைப்பிரதமர் ஒருவரைக் கவுன்ஸில் தேர்தலில் நிற்கத் தகுதியற்றவர் என்று தீர்மானித்த ஆட்சிக் குழுத் தலைவர் மிகேல் மதுரோவும் அப்போதே விலக்கப்பட்டார்; அத்தீர்மானத்தைக் கைவிடுமாறு தமக்கு வற்புறுத்தல் வந்ததாகப் பின்னர் அவர் பிரிட்டிஷ் பாராளுமன்றக் குழுவின் முன் கூறினார். 12 ஆண்டு வரம்பைப் பொறுத்தமட்டில், இன்ஃபான்டினோ முதலில் வகித்த 39 மாதங்கள் முழுப் பதவிக்காலமாகக் கணக்கிடப்படமாட்டா என்று 2022 டிசம்பரில் கவுன்ஸில் விளக்கம் தந்தது.

இதற்கு இணையாக ஊதியத்தின் வரலாறு நடந்திருக்கிறது. பிளாட்டர் 2015-ஆம் ஆண்டுக்குப் பெற்றது சுமார் 36 லட்சம் பிராங்க் என்பது வெளியானபோது உலகம் திகைத்தது. அதற்குப் பரிகாரமாகப் புதிய தலைவருக்கு 15 லட்சம் பிராங்க் அடிப்படை ஊதியம் என்று வகுக்கப்பட்டது. பின்னர் அது 19.5 லட்சமாக உயர்ந்தது, அதனுடன் 16.5 லட்சம் போனஸ் சேர்ந்து, 2022-ஆம் ஆண்டில் தலைவர் பெற்ற தொகை மீண்டும் 36 லட்சம் பிராங்கை எட்டியது. இது மறைவில் நடந்ததன்று, அறிக்கையில் அச்சாகி வெளிவந்தது என்பதை நன்றியோடு ஒப்புக்கொள்வோம். ஆயினும், வெளிப்படையாகச் சொல்வது முதற்படியே. சொன்னதைக் கேட்டவர் மறுத்துப் பேச ஓர் இடம் இருப்பதுதான் அடுத்த படி. லோசான் நகரத்துச் சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி, 1999-இல் சால்ட் லேக் சிட்டி ஊழலால் தலைகுனிந்த பின்பு தன்னைத் திருத்திக்கொள்ள முயன்று, 2015-இல் தன் தலைவருக்கு ஆண்டுக்கு 2.25 லட்சம் யூரோ என்று ஈட்டுத்தொகையை நிர்ணயித்து அறிவித்தது. அக்கமிட்டியிலும் குறைகள் உண்டு. எனினும், இருவரும் லாபநோக்கமற்ற சங்கங்களின் தலைவர்களே ஆகையால், இவ்வளவு பெரிய வித்தியாசத்துக்கு நியாயம் சொல்ல வேண்டியவர்கள் ஜூரிச்சில் இருப்பவர்களே.

நியாயம் மறுபுறத்திலும் உண்டு என்பதைச் சொல்லாமல் விடலாகாது. ஃபிஃபா தரும் பணத்தினால்தான் பல ஏழை நாடுகளில் புல்தரை மைதானம் அமைந்தது. சிறுவர்க்கும் பெண்களுக்கும் தனிப்போட்டிகள் நடக்கின்றன. சொந்த அலுவலகமே இல்லாதிருந்த சங்கங்களுக்குக் கூரை கிடைத்தது. 2015-இல் 1.5 கோடியாயிருந்த பெண்கள் உலகக் கோப்பைப் பரிசு 2023-இல் 11 கோடி டாலரானது. பணத்தை ஐரோப்பாவின் செல்வக் கழகங்களே வைத்துக்கொள்ளாமல் உலகத்துக்குப் பகிர்வது தர்மமான காரியம். அதை நிறுத்தச் சொல்லும் எண்ணம் எனக்கில்லை. தர்மம் செய்வதற்காகவே ஒப்படைக்கப்பட்ட பணம் ஆகையால்தான் அதன் கணக்கு மற்ற எந்தக் கணக்கையும்விடச் சுத்தமாக இருக்க வேண்டும் என்கிறேன். நம்மூர்க் கோயில் திருவிழா முடிந்ததும், தர்மகர்த்தா வரவு செலவை ஊர்க்கூட்டத்தில் படிக்கிறார். பந்தலுக்கு இவ்வளவு, மேளத்துக்கு இவ்வளவு என்று ஒவ்வோர் இனமாகச் சொல்கிறார். வரி கொடுத்த எவனும் எழுந்து ஒரு கேள்வி கேட்கலாம். அந்த எளிய ஒழுங்குதான் உலகத்தின் மிகப் பெரிய விளையாட்டுக்குத் தேவைப்படுகிறது.

தன்னாட்சி என்ற பெயரால் சம்மேளனம் கோரும் பெரும் உரிமையும் இந்தக் கடமையைக் கனப்படுத்துகிறது. 2022-ஆம் ஆண்டு, இந்தியக் கால்பந்துச் சம்மேளனத்தின் தலைவர் பதவிக்காலம் கடந்தும் தேர்தல் நடைபெறாமையால், உச்ச நீதிமன்றம் நிர்வாகிகள் குழு ஒன்றை அமர்த்தியது. வெளியார் தலையீடு கூடாது என்ற விதியைக் காட்டி அவ்வாண்டு ஆகஸ்டில் ஃபிஃபா இந்தியாவை விலக்கிவைத்தது. ஆசியக் கழகங்களுக்கிடையிலான பெண்கள் போட்டியில் ஆடுவதற்காகத் தாஷ்கெண்ட் நகரத்தில் அப்போதுதான் போய் இறங்கியிருந்த கோகுலம் கேரளா அணியின் வீராங்கனைகள், ஒரு பந்துகூட ஆடாமல் திரும்ப நேர்ந்தது. இரண்டு வாரத்துக்குள் தடை நீங்கியது; இழந்த ஆட்டம் இழந்ததே. அடுத்த ஆண்டு ஜனவரியில் இலங்கைச் சங்கமும் இவ்வாறே விலக்கப்பட்டு, மாதக்கணக்கில் காத்திருந்தது. ஒரு நாட்டின் உச்ச நீதிமன்றத்தைக்கூட வெளியார் என்று ஒதுக்கும் அதிகாரம் படைத்த ஸ்தாபனம், தன் இல்லத்துக்குள் அதற்கு ஈடான நீதியைத் தானே அமைத்துக் காட்டக் கடமைப்பட்டிருக்கிறது. வெளியார் கேட்கக் கூடாது என்றால் உள்ளிருப்போர் கேட்டாக வேண்டும். உள்ளிருப்போரும் கேட்பதில்லை என்றால், தன்னாட்சி என்பது பொறுப்பின்மைக்கு இட்ட பெயராகிவிடும்.

ஆகவே செய்ய வேண்டியவை தெளிவானவை. தணிக்கை, நன்னெறி, ஊதியக் குழுக்களின் உறுப்பினரைத் தலைவரும் கவுன்ஸிலும் தெரிந்தெடுப்பதும் விலக்குவதும் ஒழிய வேண்டும். கால்பந்து நிர்வாகத்தில் எவ்வித ஆதாயமும் இல்லாத நீதிபதிகளும் கணக்கறிஞரும், வீரர்களுடைய சங்கப் பிரதிநிதிகளும் அடங்கிய தனிச்சபை அவர்களைத் தெரிந்தெடுத்து, குறித்த காலம் முடியும் வரையில் எவராலும் அசைக்கமுடியாத பாதுகாப்பு அளிக்க வேண்டும். நிர்வாகத் தலைப்பின்கீழ் வரும் விமானப் பிரயாணம், தங்கும் விடுதி, வக்கீல், விளம்பரம், வெகுமதி ஒவ்வொன்றையும் தனித்தனியாக, பயன்பெற்றவர் பதவியோடு வெளியிட வேண்டும். உறுப்புச் சங்கங்களுக்கான உதவித்தொகை, எழுதிவைத்த சூத்திரப்படி தானாகவே போய்ச் சேரும் உரிமைப் பங்காக மாற வேண்டும்; அதைப் பெற்ற சங்கம் அதன் கணக்கைத் தன் நாட்டு மொழியில் தன் மக்களுக்கு அச்சிட்டுக் கொடுப்பதே அடுத்த தவணைக்கு நிபந்தனையாக வேண்டும். தலைவரின் ஊதியமும் போனஸும் பேரவையில் தனித் தீர்மானமாக, ரகசிய வாக்கெடுப்புக்கு விடப்பட வேண்டும்.

இவற்றை ஜூரிச் தானாகவே செய்துவிடும் என்று நம்பியிருப்பதில் பயனில்லை. அதிகாரம் தன் எல்லையைத் தானே குறுக்கிக்கொண்ட வரலாறு அபூர்வம். 2016-இன் சீர்திருத்தமும் வெளியிலிருந்து வந்த கைதுகளின் பயத்தால் பிறந்தது. பயம் தணிந்ததும் தளர்ந்தது. நிலையான மாறுதல் வேண்டுமானால், 211 வாக்குகளில் ஒன்றைக் கையில் வைத்திருக்கும் ஒவ்வொரு நாட்டுச் சங்கமும், பெற்ற உதவிக்கு நன்றி செலுத்தும் விதமாகவே கணக்கைக் கேட்கும் துணிவைப் பெற வேண்டும். இந்தியாவின் வாக்கும், இலங்கையின் வாக்கும், ஜெர்மனியின் வாக்குக்கு ஒரு மாற்றும் குறைந்ததல்ல. 2027-இல் நடைபெறவிருக்கும் தலைவர் தேர்தலில் போட்டியிடுவோரிடம், எங்களுக்கு எவ்வளவு தருவீர்கள் என்று கேட்பதற்கு முன், உங்களைக் கண்காணிக்கப் போகிறவர் யார், அவரை விலக்கும் அதிகாரத்தை நீங்கள் கைவிடுவீர்களா என்று நம் சங்கங்கள் கேட்கட்டும். அவ்வாறு கேட்கும் தகுதியைப் பெற, முதலில் தம் சொந்தக் கணக்கை நம் கையில் கொடுக்கட்டும்.